அம்மாவும் போடி ரயிலும்

பிறந்த வீடு போடிநாயக்கனூர், புகுந்த வீடு மதுரை. நடுவே ரயில் பாதை 90 கிலோ மீட்டர். டெல்லியிலும் துபாயிலும் வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் இதைப் படித்தால், "இதெல்லாம் ஒரு தூரமா?" என்று சிரிப்பார்கள். 1999-ல் கல்யாணமாகி மதுரைக்கு வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவைப் பார்க்கணும் போல இருந்தால் ரயிலேறினால் போச்சு!

2010 டிசம்பர் கடைசியோடு அந்த ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15-ஆம் தேதி. நடுவில் போன பன்னிரண்டரை வருஷத்தில் என் அம்மாவுக்கு இடது கண் பார்வை போய்விட்டது.

ரயில் இல்லாததால்தான் கண் போயிற்று என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் எனக்கு ரொம்பச் சௌகரியம். ஆனால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் தலையில் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

போடி என்றால் ஏலக்காய். மேலே மலையில் விளைகிற காய் கீழே போடிக்குத்தான் இறங்கும். இன்றைக்கும் ஸ்பைசஸ் போர்டின் ஏலம் நடக்கிற இடம் போடியில் ஒன்று, கேரளத்தில் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியில் ஒன்று. மூணாறு பக்கத்துத் தேயிலையும் ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் இறங்கியது. டாப் ஸ்டேஷன் என்று சுற்றுலாப் போகிறோமே, அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பி வழியாகச் சரக்கை இறக்கி, பிறகு போடிக்குக் கொண்டுவருவார்களாம். மூணாறு மலை மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடியிருக்கிறது. 1924 வெள்ளத்தில் அது அடித்துக்கொண்டு போய்விட்டது. நாலு வருஷம் கழித்து, 1928-ல், கீழே மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது.

அந்த ரயிலுக்கு ஆயுசு கெட்டி என்று சொல்வதா, ஜாதகம் சரியில்லை என்று சொல்வதா, தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர் சமயம், 1942-ல், தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். "சண்டைக்கு இரும்பு வேணும்னு வெள்ளைக்காரன் ரோட்டைச் சுருட்டிட்டுப் போயிட்டான்" என்று எங்கள் அப்பத்தா சொல்வாள். அப்புறம் சுதந்திரம் வந்து, 1953-54-ல்தான் மறுபடி தண்டவாளம் போட்டார்கள். அம்மா பிறந்தது 1949. தாத்தா தோளில் உட்கார்ந்து அந்த எஞ்சினைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு இருக்கிறது. பயந்துபோய்த் தாத்தாவின் குடுமியைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். ஆக, ஊருக்கு ரயில் திரும்பி வந்ததை ஒரே ஆயுசில் இரண்டு தடவை பார்த்தவள் என் அம்மா. ஐந்து வயதில் ஒரு தடவை, எழுபத்து நாலு வயதில் ஒரு தடவை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கரி எஞ்சின்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரி விழ, அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி ஒற்றி எடுப்பாள். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போகிற நாளில் பெட்டிக்குள் கால் வைக்க இடம் இருக்காது. புளியோதரைத் தூக்கு, மஞ்சள் பை, கோழிக்கூடை, மொட்டையடிக்கப் போகிற குழந்தை, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. பஸ் சீக்கிரம் போய்ச் சேரும். ரயில் ஆடி அசைந்துதான் போகும். அதனால் என்ன? தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்கள் எங்கள் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள். உசிலம்பட்டியில் ஏறிய ஒரு பெரியம்மாதான் என் ஜாதகத்தை வாங்கிப் போய் என் கல்யாணத்தையே முடித்து வைத்தவர்! என் வீட்டுக்காரர் கோபம் வந்தால், "அந்த ரயிலை அன்னைக்கு நான் கவிழ்த்திருக்கணும்" என்பார்.

அம்மாவுக்கு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற வேலை. முறத்தில் கொட்டி, காம்பு நறுக்கி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிக்கணும். கடையில் சல்லடை வைத்து ஏழு எம்.எம்., எட்டு எம்.எம். என்று சலிப்பார்கள். அம்மா கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாள். "உங்கம்மா கண்ணு சல்லடைக் கண்ணு" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அப்பா 2006-ல் தவறிப்போன பிறகும் வேலையை விடவில்லை.

சர்க்கரை நோய் என்று தெரிந்தது 2004-ல். இரண்டு மூன்று வருஷத்தில் மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லி, லேசர் வைத்தார்கள். "நாலு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வந்து காட்டணும், பார்வை நல்லா இருக்கேன்னு இருந்துடாதீங்க" என்று டாக்டர் அம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

அம்மாவும் வந்தாள். எப்படி வந்தாள் என்பதுதான் விஷயம். தனியாக வந்தாள்! எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் போடியில் ரயிலேறினால், அது நிற்கிற கடைசி இடம் மதுரை. வழியில் இறங்கி மாற வேண்டியதில்லை, போர்டு படிக்க வேண்டியதில்லை. கால் மரத்தால் சீட்டில் நீட்டிக்கொள்ளலாம். முக்கியமாக, பெட்டியிலேயே கக்கூஸ் உண்டு. மதுரை ஸ்டேஷன் ஊருக்கு நடுவில். நான் போய் நிற்பேன், ஆட்டோவில் ஆஸ்பத்திரி, முடிந்ததும் மறுபடி ரயில். என் அண்ணன் ஒரு நாள் லீவு போட்டதில்லை. என் வீட்டில் ஒருவருக்கும் காபி தவறியதில்லை.

பிறகு ரயில் நின்றது. காரணம் நல்ல காரணம்தான். அது மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். அகலப் பாதை என்றால் 1.676 மீட்டர். நாடு முழுவதும் அகலப் பாதை ஆகும்போது நம் ஊர் மட்டும் குறுகலாக இருந்தால் சென்னை ரயில் எப்படி வரும்? எனவே பாதையை மாற்ற வேண்டும். பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டும். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே கணவாயில் பாறையை வெட்டி அகலப்படுத்த வேண்டும். "ரெண்டு மூணு வருஷம்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது போலிருக்கிறது. தண்டவாளம் எடுத்த இடத்தில் சீமைக்கருவேலம் முளைத்து, ஆள் உயரம் வளர்ந்து, எங்கள் போடி ஸ்டேஷன் பக்கம் ஆடு மேய்ந்தது.

இனி பஸ் கதை. தேனி, போடி பஸ்ஸெல்லாம் மதுரையில் ஆரப்பாளையத்துக்கு வரும். அங்கே இறங்கி டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கணும். அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது. ஒன்று அண்ணன் கூட்டி வரணும், இல்லை நான் போய்க் கூட்டி வரணும். அண்ணனுக்குக் கடையில் ஒரு நாள் சம்பளம் போகும். நான் போனால், விடிகாலை கிளம்பிப் போடி போய், அவளை ஏற்றிக்கொண்டு மதுரை வந்து, ஆஸ்பத்திரி பார்த்து, மறுபடி கொண்டுபோய் விட்டு வரணும். ஒரு நாளில் நடக்கிற காரியமா? நாலு மாசம் என்பது ஆறு மாசமாயிற்று. ஆறு மாசம் ஒரு வருஷமாயிற்று.

இதில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்லியே ஆகணும். வெட்கப்படுகிற விஷயம் என்று நாம் பேசாமல் இருப்பதால்தான் இது யாருக்கும் தெரிவதில்லை. பஸ் பயணம் என்றால் முதல் நாள் ராத்திரியே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அடிக்கடி ஒன்றுக்கு வரும். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியுமா? நிறுத்தினால் ஆம்பிளைகள் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள், நாம் எங்கே போவது? வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நிற்கும். காசு கொடுத்துப் போகிற இடம் உண்டு, ஆனால் உள்ளே கால் வைக்க முடியாது. தவிர, திரும்பி வருவதற்குள் பஸ் போய்விட்டால்? இந்தப் பயத்தில் அடக்கி, அடக்கி உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அம்மா ஏன் பேசாம வர்றா?" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2012-ல் ஒரு தடவை ஊருக்குத் திரும்பிய மறுநாளே குளிர் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்று நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். "பாட்டி தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. அண்ணன் வெளியே போன பிறகுதான் சொன்னாள்: "பஸ்ஸுல ஏறப் போறமேன்னு குடிக்கலத்தா."

அதற்குப் பிறகு மதுரை என்றாலே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. "கண்ணு நல்லாத்தான தெரியுது, அடுத்த மாசம் பாப்போம்" என்பாள். நானும் சரி என்பேன். இங்கேதான் என் குற்றம். 2015 கடைசியில் காட்டியிருக்கணும். என் மூத்த பெண் அப்போது பத்தாம் வகுப்பு. 2016 மார்ச்சில் பரீட்சை. டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி பால், விடிகாலை எழுப்புதல் என்று வீடே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. "அம்மா, பரீட்சை முடியட்டும், நான் வந்து கூட்டிட்டு வரேன்" என்று போனில் சொன்னேன். "உன் சோலியப் பாரு ஆத்தா, எனக்கு என்ன" என்றாள். வாடகைக்குக் கார் பிடித்திருக்கலாம். ஒரு மாசத்து மளிகைச் செலவை அதற்கு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

மே மாசம் மதினி போன் செய்தாள். அத்தைக்கு இடது கண்ணில் கறுப்பு நூல் நூலாக மிதக்கிறதாம், புகை மூட்டமாக இருக்கிறதாம். கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். விழித்திரை ஏற்கெனவே கெட்டிருந்ததால் பார்வை திரும்பவில்லை. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வலது கண்ணுக்கு ஊசியும் லேசருமாகக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். காய் பொறுக்குகிற வேலை அதோடு நின்றது.

வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருக்கிற சகோதரிகள் இந்த ஓரிடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பார்வை தெளிவாக இருக்கும்போதே இந்த நோய் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். வலி இருக்காது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லணும். டாக்டர் அதைவிடச் சீக்கிரம் வரச் சொன்னால் அந்தத் தேதிக்கே போகணும். நம் வீட்டுப் பரீட்சைக்காகவெல்லாம் அது காத்திருக்காது.

ரயில் ஒவ்வொரு ஊராகத் திரும்பி வந்தது. 2020-ல் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வரைக்கும் எஞ்சின் ஓட்டிப் பார்த்தார்கள் என்று பேப்பரில் வந்தது. 2022 மே 26-ஆம் தேதி தேனிக்குப் பயணிகள் ரயில் தொடங்கியது. தேனிக்கும் போடிக்கும் நடுவே இருக்கிற 15 கிலோ மீட்டருக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. 2023 ஜூன் 15-ல் மதுரை ரயில் போடி வரை நீண்டது. அதோடு சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போடிக்கு எக்ஸ்பிரஸும் வந்தது. மீட்டர் கேஜ் காலத்தில் போடியில் ஏறிச் சென்னையில் இறங்குவதெல்லாம் நடக்கிற காரியமா!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மதுரையில் ஏறிவிட்டேன். டிக்கெட் பஸ்ஸைவிடக் குறைச்சல். வடபழஞ்சி, உசிலம்பட்டி தாண்டிக் கணவாயில் நுழைந்தபோது ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் வெட்டிய பாறை. தேனி ஊருக்குள் கேட் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் கேட்டே இல்லாமல் பழகிப்போன ஜனங்கள் பைக்கில் முறைத்துக்கொண்டு நின்றார்கள்; சின்னப் பிள்ளைகள் கை காட்டின. போடியில் இறங்கினேன். ஆடு மேய்ந்த இடத்தில் பளபளவென்று பிளாட்பாரம். மதியம் அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு. சாயந்திரம், ஆறு மணிக்கு முன்னால் கிளம்புகிற ரயிலில், அம்மாவை என்னோடு ஏற்றிக்கொண்டேன்.

ஏறியதும், "நீ இந்தப் பக்கம் வா, எனக்கு இந்தக் கண்ணுதான்" என்று வலது கண் ஜன்னல் பக்கம் வருகிற மாதிரி மாறி உட்கார்ந்தாள். பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். "பெருசா இருக்கு. ஆனா ஆட மாட்டேங்குதே" என்றாள், குறை சொல்கிற மாதிரி. பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, பாதி பாட்டிலை நிதானமாகக் குடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆண்டிபட்டிக்கு முன்னால் ஒரு தடவை எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய் வந்தாள். "சுத்தமாத்தான் வச்சிருக்கான்" என்று எதிர் சீட்டு அக்காவிடம் சொன்னாள். எட்டு மணிக்குள் மதுரை.

எல்லாம் சரி, ஒரு குறை உண்டு. தொடங்கியபோது அந்த ரயில் காலையில் மதுரையிலிருந்து போடிக்குப் போய், மாலையில் போடியிலிருந்து மதுரைக்குத் திரும்புகிற மாதிரி அமைந்தது. மதுரைக்காரர்கள் போடிக்கு வேலையாய்ப் போய் வர அருமையான நேரம். ஆனால் காலையில் மதுரை ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வரவேண்டிய போடிக்காரர்களுக்கும் தேனிக்காரர்களுக்கும்? காலையில் போடியிலிருந்து ஒரு ரயில் வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரயில் நேரம் போடுகிறவர்கள் ஒரு நாள் ஒரு சர்க்கரை நோயாளியோடு பஸ்ஸில் வந்து பார்த்தால் உடனே புரியும்.

எங்களுக்கு அதனால் இன்னொரு விதமாக ஆயிற்று. சாயந்திர ரயிலில் அம்மா மதுரைக்கு வந்தால், மறுநாள்தான் ஆஸ்பத்திரி, அதற்கு மறுநாள் காலை ரயிலில்தான் திரும்ப முடியும். இரண்டு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கியாகணும். அந்தக் காலத்து மனுஷி! மருமகன் வீட்டில் கை நனைக்கவே யோசிப்பாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் என் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் சேர்ந்தாற்போல அவள் தங்கியதில்லை. முதல் தடவை ஹாலில் ஓரமாகப் பாய் போட்டு, சுருண்டு படுத்தாள். இரண்டாம் தடவை என் மாமியாரோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். மூன்றாம் தடவை, குழம்பில் புளி அதிகம் என்று எனக்கே புத்தி சொன்னாள். என் வீட்டுக்காரர், "அத்தை, நீங்க வந்தாத்தான் இந்த வீட்டுல உப்பு உறைப்பே சரியா இருக்கு" என்று அவளுக்கு ஏற்றி விடுகிறார்.

வயதானவர்களை இப்படி ரயிலில் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டொரு விஷயம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரயில் தாமதமானால் மயக்கம் வந்துவிடும். சாப்பாடு கையில் இருக்கணும், அப்புறம்தான் மருந்து. தலை சுற்றி வியர்த்தால் உடனே வாயில் போட நாலு கல்கண்டு இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கட்டும். இன்சுலினை ஜன்னலோர வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், படி தெரியாது. அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடியும் கூட ஒரு ஆளும் வேண்டும். ரயில் நேரம் அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் முன்னால் 139-க்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நீங்களாகக் கேளுங்கள்.

போன தடவை அம்மாவைக் காலை ரயிலில் ஏற்றிவிடப் போனேன். நானும் கூட வருகிறேன் என்றதற்கு, "எதுக்கு? போய் நிக்கிற எடம் போடிதான, இதுல தொலஞ்சு போறதுக்கு என்ன இருக்கு? அங்க உங்கண்ணன் நிப்பான்" என்று விட்டாள். எழுபத்தைந்து தாண்டியாயிற்று. ஒரு கண். ஜன்னல் பக்கம் வலது கண் வருகிற மாதிரி சீட் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் ஆண்டிபட்டிக்குப் போகிற ஒரு பெண் கைக்குழந்தையோடு. வண்டி நகர்வதற்குள் அந்தக் குழந்தைக்கு என்ன பெயர், எத்தனையாவது மாசம், தாய்ப்பால் போதுகிறதா என்று எல்லாம் விசாரித்தாகிவிட்டது. எனக்குக் கை காட்டக்கூட அவளுக்கு நேரமில்லை.